போய்ச் சேராத நடை

சேலம் அஸ்தம்பட்டி ரவுண்டானாவைச் சுற்றி வந்தால் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடலாம். ஒன்று, 1862இல் தொடங்கப்பட்ட மத்தியச் சிறை. இரண்டாவது, கண்ணாடிச் சுவர் வைத்த ஜிம்கள். உள்ளே வரிசையாக ட்ரெட்மில்கள். மூன்றாவது, சேர்வராயன் மலையைப் பார்த்துப் போகிற ஏற்காடு ரோடு. விடிகாலையில் அதில் வாக்கிங் போகிறவர்கள் நிறைய, ஓடுகிறவர்கள் கொஞ்சம். சிறைக்கும் ஜிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருநூறு வருஷக் கதை ஒன்று இருக்கிறது.

புதிதாக ஓட ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்விதான்: ட்ரெட்மில்லா, ரோடா? முட்டிக்கு எது நல்லது, கொழுப்பு எதில் சீக்கிரம் கரையும் என்று யூடியூபில் பதில்கள் கொட்டிக் கிடக்கின்றன. எனக்கு அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருப்பதாகப் படுகிறது. வேகத்தை யார் வைப்பது? பெல்ட்டில் ஏறினால் வேகம் ஒரு எண்ணாகக் கண்ணெதிரே இருக்கிறது. ரோட்டில் அது உங்கள் உடம்புக்குள் எங்கேயோ இருக்கிறது. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மனிதர்களை நின்ற இடத்திலேயே நடக்கவைத்த கருவிகளின் கதையை எடுத்துப் பார்த்தால், அது பூராவும் இந்த விஷயத்தைச் சுற்றித்தான் வருகிறது.

அந்தக் கதையை எல்லோரும் இங்கிலாந்தில் ஆரம்பிப்பார்கள். நாம் கிணற்றடியில் ஆரம்பிக்கலாம்.

ஏற்றம் தெரியும்தானே? ஊன்றிய கம்பத்தின் மேல் தராசுக்கோல் மாதிரி ஆடும் நீளமான மரம். ஒரு முனையிலிருந்து மூங்கில் கழி தொங்கும், அதன் நுனியில் சால். ஓர் ஆள் மரத்தின் மேல் ஏறிக் கிணற்றுப் பக்கம் நடப்பார். அவர் எடையில் சால் தண்ணீருக்குள் இறங்கும். திரும்பி மறுபக்கம் நடப்பார். சால் மேலே வரும். கீழே நிற்பவர் அதைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். மேலே இருக்கிறவர் காலையிலிருந்து வெயில் ஏறும்வரை நடந்துகொண்டே இருப்பார், ஒரு மரத்தின் நீளத்துக்குள்ளேயே. 'ஏத்தம் மிதிக்கிறது' என்றுதான் பேச்சு வழக்கு. அந்த 'மிதி'யும் ட்ரெட்மில்லில் இருக்கிற 'ட்ரெட்'டும் ஒரே அர்த்தம்.

சேலம், நாமக்கல் சமவெளியில் ஆற்றுப்பாசனம் எட்டாத காடுகள்தான் அதிகம். கிணற்றை நம்பித்தான் வெள்ளாமை. இங்கே ஏற்றத்தோடு கவலையும் உண்டு: இரண்டு மாடுகள் சரிவில் இறங்கினால் வடம் இழுபட்டுச் சால் மேலே வரும், மாடுகள் பின்னாலேயே நடந்து மேடேறினால் சால் கீழே போகும். ராசிபுரம் பக்கம் எங்கள் அப்புச்சி சின்ன வயசில் கவலை ஓட்டியவர். மாட்டை அவசரப்படுத்தக் கூடாது என்பதை மட்டும் பல தடவை சொல்லியிருக்கிறார். "மாட்டோட நடைக்குத்தான் நாம போகோணும். வெரட்டுனா சாலு பாதிதான் ரொம்பும்." சால் முங்கி நிறைய ஒரு நேரம் வேண்டும், அந்த நேரம்தான் வேகம். அதை மாடும் தண்ணீரும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

ஏற்றத்தில் அதை முடிவு செய்தது பாட்டு. ஏற்றப்பாட்டு என்று தனி வகையே இருக்கிறது. கம்பர் ஏற்றக்காரர் பாடிய ஒரு அடியைக் கேட்டு, அடுத்த அடி என்னவாக இருக்கும் என்று பிடிபடாமல் ராத்திரி பூரா தவித்து, மறுநாள் காலை வந்து கேட்டுக்கொண்டு போனார் என்று ஒரு கதை உண்டு. நடந்ததா என்று தெரிய வழியில்லை, ஆனால் அருமையான கதை. எனக்கு அதில் பிடித்தது வேறொன்று. அடுத்த அடிக்கு அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டி வந்தது என்றால், அந்தப் பாட்டு வேலையின் வேகத்துக்குக் கட்டுப்பட்டு வந்தது என்று அர்த்தம். சால் எண்ணிக்கையும் பாட்டுக்குள்ளேயே வந்துவிடும். மேலே நடக்கிறவரும் கீழே பிடிக்கிறவரும் ஒரே தாளத்தில் இருக்கவில்லை என்றால் தண்ணீர் வீண், சில நேரம் ஆளே கிணற்றுக்குள்.

இதை அழகாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஏற்றம் மிதித்தவர்களில் பலர் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கும் பண்ணையாளாகவும் மிதித்தவர்கள். அவர்களைக் கேட்டிருந்தால், ஒரு மோட்டார் வந்தால் தேவலை என்றுதான் சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் அந்த நடைக்கு ஒரு பலன் கண்ணெதிரே தெரிந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது.

*

இப்போது இங்கிலாந்து. வில்லியம் கியூபிட் என்று ஒரு பொறியாளர். 1785இல் பிறந்தவர், மில் கட்டும் தொழிலில் வந்தவர். பின்னாளில் லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் கட்டுமானத்தை மேற்பார்வை பார்த்து 'சர்' பட்டம் வாங்கினார். 1818வாக்கில் அவரிடம் ஒரு வேலை வந்தது. சிறைக் கைதிகள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், இவர்களுக்கு ஏதாவது வேலை கொடுக்க ஒரு வழி சொல்லுங்கள்.

நான் தினமும் பார்ப்பது ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட்தான், அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். கேட்கப்பட்டது என்ன? எல்லாக் கைதிக்கும், எந்தத் திறமையும் தேவைப்படாத, கற்றுக்கொடுக்க வேண்டியிராத, ஏமாற்ற முடியாத, அளந்து கொடுக்கக்கூடிய உழைப்பு. கியூபிட் கொடுத்த விடை கச்சிதமானது. அகலமான ஒரு உருளை, அதன் மேல்பரப்பு நெடுக மரப்படிகள். மேலே ஒரு கைப்பிடிக் கம்பி. கைதிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு படி ஏறுவார்கள். ஏறும் எடையில் உருளை சுழலும், மிதித்த படி கீழே போய்விடும், அடுத்த படி வந்து நிற்கும். ஏறவில்லை என்றால்? கால் வழுக்கும், முழங்கால் முன் எலும்பில் படி இடிக்கும். மேஸ்திரி கத்த வேண்டிய அவசியமே இல்லை. சக்கரமே மேஸ்திரி.

1821இல் லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் வைத்தார்கள், பேர் பரவிவிட்டது. அடுத்த வருஷமே நியூயார்க்கில் ஒன்று. கைதி ஒரு நாளில் ஏற வேண்டிய உயரம் சிறைக்குச் சிறை மாறியது. சில இடங்களில் ஐயாயிரம் அடி, சில இடங்களில் பன்னிரண்டாயிரம் அடிக்கும் மேல். நம்ம ஊர்க் கணக்குக்கு வருவோம். சேலம் கடல் மட்டத்திலிருந்து 278 மீட்டர், ஏற்காடு ஏறக்குறைய 1,515 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறினால் நாலாயிரம் அடி. பன்னிரண்டாயிரம் அடி என்றால் ஒரே நாளில் மூன்று தடவை ஏற்காடு, இறங்காமல். அதுவும் ஏரி கிடையாது, ஆரஞ்சு மரம் கிடையாது, கண்ணுக்கு முன்னால் பலகைச் சுவர் மட்டும்.

ஆரம்பத்தில் சக்கரம் தானியம் அரைத்தது, தண்ணீர் இறைத்தது. 'மில்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். பிறகு பல சிறைகளில் அரைக்க ஒன்றும் இல்லாமலே சுற்றவிட்டார்கள். சக்கரத்தின் அச்சில் பெரிய காற்றாடித் தகடுகளை மாட்டிக் காற்றைத் தள்ளவைத்தார்கள், மிதிப்பதற்குப் பாரம் வேண்டுமே. கைதிகளின் பேச்சில் அது 'காற்று அரைப்பது'. ஏற்றத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் இங்கேதான் தெரிகிறது. இரண்டிலும் கால் செய்வது ஒன்று. ஒன்றில் பாட்டு உண்டு. இன்னொன்றில் பல சிறைகள் பக்கத்து ஆளோடு பேசக்கூட விடவில்லை, நடுவில் பலகை வைத்துத் தடுத்தார்கள். ஆஸ்கர் வைல்ட் 1895இல் இரண்டு வருஷக் கடுங்காவல் வாங்கியபோது மிதித்தது இந்தச் சக்கரத்தைத்தான். 1898இல் வந்த சிறைச் சட்டத்துக்குப் பிறகு அது இங்கிலாந்திலிருந்து மெல்ல மறைந்தது.

இந்தியாவில் என்ன ஆயிற்று என்பது இதைவிடச் சுவாரசியம். கம்பெனி ஆட்சியில் கைதிகளுக்குப் பெரும்பாலும் வெளி வேலைதான்: காலில் விலங்கோடு ரோடு போடுவது. மெக்காலேயின் முயற்சியில் அமைந்த சிறைக் கட்டுப்பாட்டுக் குழு 1838இல் அறிக்கை கொடுத்தது. ரோட்டு வேலையை அது கடுமையாக விமர்சித்தது. வெளியே கொண்டுபோனால் நோய் வந்து செத்துப்போகிறார்கள், தப்பித்து ஓடுகிறார்கள் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வெளியே இருப்பது கைதிக்குப் போதுமான தண்டனையாகத் தெரியவில்லை. ஆள் பார்க்கிறான், பேசுகிறான், சொந்தக்காரர்கள் வந்து எதையாவது கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஆகவே எல்லோரையும் மதிலுக்குள் கொண்டுவாருங்கள், பெரிய மத்தியச் சிறைகள் கட்டுங்கள், உள்ளே சலிப்பூட்டுகிற, ஒரே மாதிரியான, எந்த ஆர்வமும் தோன்ற வழியில்லாத வேலை கொடுங்கள் என்றது குழு.

வெளியே நடப்பதா, உள்ளே நடப்பதா என்ற கேள்விக்கு அரசாங்கம் ஒன்று உட்கார்ந்து யோசித்துப் பதில் எழுதியிருக்கிறது என்பதே எனக்கு வியப்பு. வெளியே இருந்தால் உடம்பு என்னதான் நொந்தாலும் மனசுக்கு ஏதோ கிடைத்துவிடுகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உள்ளே கொண்டுவரச் சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று.

அந்தச் சிபாரிசுகள் உடனே நடைமுறைக்கு வரவில்லை. 1850களுக்குப் பிறகுதான் சென்னை மாகாணத்தில் மத்தியச் சிறைகள் எழுந்தன; சேலமும் கோயம்புத்தூரும் அந்த வரிசையில் வந்தவை. (சேலம் சிறை என்றால் அரசியல் படித்தவர்களுக்கு 1950 பிப்ரவரி 11 நினைவுக்கு வரும். அன்று உள்ளே நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தார்கள். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.) கியூபிட்டின் சக்கரம் இங்கே பெரிதாகப் பரவவில்லை. செலவு பிடித்த இரும்புச் சாமான் எதற்கு? இந்த ஊரிலேயே வட்டமாக நடக்கிற கருவி ஒன்று ஏற்கெனவே இருந்தது. செக்கு.

செக்கில் நடப்பது மாடு. 1908 ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டுக் கோயம்புத்தூர் சிறைக்கு வந்த வ.உ.சிதம்பரம் பிள்ளையை அந்த மாட்டின் இடத்தில் கட்டினார்கள். கப்பல் ஓட்டியவர், வக்கீல், திருக்குறளும் தொல்காப்பியமும் தெரிந்த மனுஷர், வெயிலில் ஒரு வட்டத்துக்குள் எண்ணெய் ஆட்டிக்கொண்டிருந்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கண்ணூர் சிறைக்கு மாற்றப்பட்டு 1912 டிசம்பரில் வெளியே வந்தார். செக்கிழுத்த செம்மல் என்று பாடப்புத்தகத்தில் படித்துப் படித்து நமக்கு அது ஒரு பட்டமாகத்தான் காதில் விழுகிறது. செக்கை நடை என்று யோசித்துப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டு, வெள்ளைக்காரக் கம்பெனியோடு தூரத்தில் போட்டி போட்டவருக்குக் கொடுத்த தண்டனை, தூரமே இல்லாத நடை.

*

சிறையில் ஒழிந்த கருவி ஐம்பது வருஷம் கழித்து ஆஸ்பத்திரியில் முளைத்தது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் புரூஸ் என்ற இதய மருத்துவரும் வேய்ன் குவின்டன் என்ற பொறியாளரும் 1952வாக்கில் மோட்டார் வைத்த ட்ரெட்மில்லை இதயப் பரிசோதனைக்குக் கொண்டுவந்தார்கள். படுத்திருக்கும்போது எடுக்கிற ஈ.சி.ஜி.யில் தெரியாத கோளாறு நடக்கும்போது தெரியும். அதுவரை சின்னப் படிக்கட்டில் நோயாளியை ஏறி இறங்க வைத்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒயரை மாட்டிக்கொண்டு ஒருவர் ஒரே இடத்தில் நடக்க வேண்டும், வேகத்தை மருத்துவர் கூட்டிக் குறைக்க வேண்டும். இதற்கு ட்ரெட்மில்லைத் தவிர வேறு எதுவும் அவ்வளவு பொருத்தமில்லை.

நம்ம ஊரில் டி.எம்.டி. எடுத்தவர்கள் எல்லோரும் புரூஸின் கணக்கில் நடந்தவர்கள்தான். மணிக்கு 2.7 கிலோமீட்டரில், 10 சதவீத ஏற்றத்தில் ஆரம்பிக்கும். மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை வேகமும் கூடும், சரிவும் கூடும். நான்காவது கட்டத்தில் 6.8 கிலோமீட்டர், 16 சதவீதம். பெரும்பாலானவர்களுக்கு அதற்கு முன்பே மூச்சு முட்டிவிடும். இங்கேயும் வேகத்தை வைப்பது வேறொருவர். ஆனால் கைதிக்கு இல்லாத ஒன்று நோயாளிக்கு உண்டு. "போதும் டாக்டர்" என்று சொன்னால் நிறுத்துவார்கள்.

அடுத்த மாற்றம் ஒரு புத்தகத்தால் வந்தது. அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968இல் 'ஏரோபிக்ஸ்' எழுதினார். அதைப் படித்த வில்லியம் ஸ்டாப் என்ற மெக்கானிக்கல் இன்ஜினியர், மழையிலும் பனியிலும் ஜனங்கள் எப்படி ஓடுவார்கள் என்று யோசித்து, வீட்டில் வைக்கிற மாதிரி விலையில் ஒரு ட்ரெட்மில் செய்தார். பேஸ்மாஸ்டர் 600. இன்று ஜிம்மில் நிற்கும் எல்லாவற்றுக்கும் பாட்டன் அது. அதில்தான் முதல்முறையாக வேகத்தின் பொத்தான் ஓடுகிறவரின் கைக்குப் பரவலாக வந்து சேர்ந்தது.

அதே காலத்தில் நம் பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது என்றால், மோட்டார் கிணற்றுக்கு வந்துகொண்டிருந்தது. 1934இல் மேட்டூர் அணை, பிறகு மின்சாரம், ஆயில் இன்ஜின், பம்புசெட். 1990இல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம். கவலை பிரித்துப் போடப்பட்டது, வடம் கயிற்றுக் கட்டிலுக்குப் போனது. ஒரு மனிதர் நாள் முழுக்கத் தாக்குப்பிடித்துக் கொடுக்கக்கூடிய ஆற்றல் சுமாராக 75 வாட். காட்டில் ஓடுகிற 5 ஹெச்பி மோட்டார் அப்படி ஐம்பது பேருக்குச் சமம். கிணறு வற்றியதும் போர்வெல். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போயின, ஆப்பிரிக்காவுக்கும் போயின. ஏற்றம் மிதித்தவர்களின் பேரன்கள் லாரி ஓட்டினார்கள், கோழிப்பண்ணை வைத்தார்கள், அல்லது என்னை மாதிரி நாற்காலியில் ஒன்பது மணிநேரம் உட்கார்ந்தார்கள். மூன்றாவது தலைமுறையில் சுகர் வந்தது. மாத்திரைச் சீட்டோடு டாக்டர் "தினமும் நடங்க" என்று எழுதிக் கொடுத்தார். கால் நடையைக் கிணற்றடியிலிருந்து எடுத்துக்கொண்டது ஒரு மோட்டார். ஜிம்மில் அதைத் திருப்பிக் கொடுப்பதும் ஒரு மோட்டார்தான், இரண்டு மூன்று ஹெச்பி, மாதக் கட்டணத்தோடு.

*

சரி, கேள்விக்கு வருவோம். பெல்ட்டில் ஓடுவது நிஜமாகவே ஓட்டம்தானா?

"பெல்ட் தானா பின்னாடி போகுது, நாம சும்மா காலைத் தூக்கித் தூக்கி வெச்சா போதும்" என்று பலர் நம்புகிறார்கள். இயற்பியல்படி இது தப்பு. சேலம் ஜங்ஷனிலிருந்து கிளம்பிச் சீரான வேகத்தில் போகிற ரயிலுக்குள் நீங்கள் நடக்கிறீர்கள். ரயில் எண்பதில் போனாலும் உங்கள் காலுக்கு அது தெரியாது. அதே மாதிரி, சீரான வேகத்தில் நகரும் பெல்ட்டில் ஓடும் காலுக்கும், நிலையான தரையில் ஓடும் காலுக்கும் வேலை ஒன்றே. பெரிய வித்தியாசம் காற்று. ரோட்டில் நீங்கள் காற்றைக் கிழித்துப் போக வேண்டும், ஜிம்மில் காற்று சும்மா நிற்கிறது. 1996இல் ஆண்ட்ரூ ஜோன்ஸ், ஜொனாதன் டௌஸ்ட் இருவரும் ஒன்பது தேர்ந்த ஓட்டக்காரர்களை வைத்து இதை அளந்தார்கள். பெல்ட்டை 1 சதவீதம் சாய்த்தால் வெளியே ஓடும் செலவுக்குச் சமமாகிவிடுகிறது என்று வந்தது. அதிலிருந்துதான் 'எப்பவும் ஒண்ணுல வெச்சு ஓடுங்க' என்ற ஜிம் வேதவாக்கு. ஆனால் அவர்கள் பார்த்தது மணிக்கு 10.5 முதல் 18 கிலோமீட்டர் வரை. ஏழில் ஓடுகிற புதியவருக்குக் காற்றின் தடை கணக்கில் வராது. அவர் சாய்க்க வேண்டியதில்லை.

காற்று வேறொரு வகையில் முக்கியம். எட்டில் ஓடினால் எட்டு கிலோமீட்டர் வேகக் காற்று உடம்பில் பட்டு வியர்வையை ஆற்றும். மூடிய ஜிம்மில், ஃபேனுக்கு எட்டாத மூலையில் இருக்கிற மெஷினில் அது கிடையாது. வியர்வை சொட்டுகிறதே தவிர ஆறுவதில்லை. சித்திரை மாதச் சேலத்தில் வெளியே வெயில் 40ஐத் தொடுகிறது என்பதால் அதற்காக ரோடுதான் உசத்தி என்றும் சொல்லிவிட முடியாது. விடியற்காலை என்றால் ரோடு, அதற்கு மேல் என்றால் ஃபேன் இருக்கிற மெஷின்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது கண். பெல்ட்டில் ஓடும்போது எதிரில் இருக்கும் சுவர் நகருவதில்லை. கால் ஓடுகிறது என்கிறது, கண் நிற்கிறாய் என்கிறது. இந்தக் குழப்பத்தில் உடம்பு வேகத்தை அதிகமாக உணர்கிறது. வெளியே ஓடிய அதே வேகத்தை ட்ரெட்மில்லில் நீங்களே வையுங்கள் என்று சொன்னால் ஆட்கள் குறைவாகத்தான் வைக்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இரண்டு மாதம் பெல்ட்டில் ஏழில் ஓடிப் பழகியவர் ஒருநாள் ரோட்டுக்கு வருகிறார். அவர் 'ஏழு' என்று உணர்வது நிஜத்தில் எட்டரையோ ஒன்பதோ. அரைக் கிலோமீட்டரில் நெஞ்சு அடைக்கிறது. "ரோடு ரொம்ப கஷ்டம்ப்பா" என்று ஜிம்முக்கே திரும்பிப் போகிறார். ரோட்டில் கஷ்டம் ஒன்றும் பெரிதாக இல்லை. வேகத்தை வைக்கிற வேலையை இரண்டு மாதமாக மெஷின் பார்த்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அந்த வேலையை மட்டுமே கற்றுக்கொள்கிறவர்கள் இந்தச் சமவெளியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். சேந்தமங்கலம், ஓமலூர், ஆத்தூர் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் இருட்டு பிரிவதற்குள் ரோட்டோரம் ஓடிக்கொண்டிருக்கும் பையன்களைப் பார்க்கலாம். போலீஸ் செலக்ஷன். 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். மணிக்கு ஏறக்குறைய 12.9 கிலோமீட்டர், 400 மீட்டர் மைதானத்தில் மூன்றேமுக்கால் சுற்று, சுற்றுக்கு 112 வினாடி. மெஷினில் 12.9ஐத் தட்டிவிட்டு ஏழு நிமிஷம் தாக்குப்பிடிப்பது ஒரு விதமான பயிற்சி. ஆனால் தேர்வில் பக்கத்தில் பத்துப் பேர் பாய்ந்து கிளம்புவார்கள், அவர்களோடு சேர்ந்து பாயாமல் இருக்க வேண்டும். அதை எந்த பெல்ட்டும் சொல்லிக் கொடுக்காது. முதல் சுற்றை 90 வினாடியில் ஓடிவிட்டு மூன்றாவதில் நடக்கிறவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள். அந்தப் பையன்களுக்குக் கோச்சும் கிடையாது, வாட்ச்சும் பாதிப் பேருக்குக் கிடையாது. முன்னால் ஒருவன் பைக்கில் போய்க் கத்திக்கொண்டே போவான். அந்தக் கத்தலில் ஏற்றப்பாட்டின் வேலை கொஞ்சம் இருப்பதாக நினைக்கிறேன்.

அவர்கள் எல்லோரும் பையன்கள் என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். பெண்களுக்கும் தேர்வு உண்டு, 400 மீட்டர், இரண்டரை நிமிஷம். ரோட்டில் அவர்கள் ஓடுவதைப் பார்ப்பது அபூர்வம். ஓடினால் கூட அப்பாவோ அண்ணனோ வண்டியில் பின்னால் வருவார்கள்.

நாமக்கல்லில் இருக்கும் என் அண்ணிக்குப் போன வருஷம் சுகர் எல்லைக்கோட்டைத் தாண்டியது. பக்கத்துத் தெரு ஜிம்மில் சேர்ந்தார். இந்த மாதிரி சிறைக்கதை எல்லாம் சொல்லி, வெளியே ஓடலாமே அண்ணி என்று கேட்டேன். "ரோட்டுல ஓடுனா நாலு பேரு நிறுத்தி, என்னாச்சுங்க, யாருக்கு என்னன்னு கேக்கறாங்க தம்பி. நடந்தா ஒண்ணுமில்ல. பொம்பள ஓடுனா ஏதோ கெட்ட சேதின்னு நெனைக்கறாங்க. நாயி வேற." அப்புறம் சொன்னார்: "உள்ள அந்தச் செவுத்தப் பாத்துட்டு ஓடறனே, அரை மணி நேரம் என்னைய யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல."

அந்தப் பலகைச் சுவரைப் பற்றி நான் அதுவரை ஒரே மாதிரிதான் யோசித்து வைத்திருந்தேன். கைதியிடமிருந்து உலகத்தை மறைப்பதற்கு வைத்த சுவர், அவருக்கு உலகத்திடமிருந்து ஒரு மறைப்பு. 1838 குழுவின் கணக்கில் உள்ளே என்றால் தண்டனை, வெளியே என்றால் சலுகை. நாமக்கல்லில் ஒரு குடும்பத் தலைவிக்கு அந்தக் கணக்கு அப்படியே வராது. வெளி என்பது எல்லோருக்கும் ஒரே வெளியாக இருந்தால்தானே?

மெஷினில் சிவப்பு நாடா ஒன்று தொங்கும், நுனியில் கிளிப். அதைச் சட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டும். தடுமாறினால் காந்தம் கழன்று பெல்ட் நின்றுவிடும். ஜிம்மில் பாதிப் பேர் அதை மாட்டுவதில்லை. அண்ணி முதல் நாளிலிருந்தே மாட்டுகிறார். பிரிக்ஸ்டன் சக்கரத்தில் நின்றவர்களில் எவருக்கும் இப்படி ஒரு கயிறு கொடுக்கப்படவில்லை.

நான்கு மாதத்தில் 6.5இல் இருபது நிமிஷம் நிற்காமல் ஓட வந்துவிட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பள்ளி மைதானத்துக்கு வருகிறார், ஜிம்மில் பழக்கமான இன்னும் இரண்டு பெண்களோடு. மூன்று பேராகப் போனால் யாரும் நிறுத்திக் கேட்பதில்லையாம். முதல் நாள் நானும் போயிருந்தேன். முதல் சுற்றில் மூன்று பேரும் சிட்டாகப் பறந்தார்கள். இரண்டாவது சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "எத்தனைல ஓடறோம்னே தெரியலியே தம்பி, நம்பரு இல்லாம" என்றார் அண்ணி.

பேசிக்கிட்டே ஓடுங்க, பேச்சு வர்ற வேகம்தான் வேகம் என்றேன். புதிதாக ஓடுகிறவர்களுக்கு உலகம் முழுக்கச் சொல்லுகிற யோசனைதான் அது, மெஷினுக்குள் இருக்கிற எந்த எண்ணையும்விட நம்பகமானது. அவர்களுக்குப் பேசச் சொல்லித் தர வேண்டியதில்லை. மறுபடி ஆரம்பித்தார்கள். ஜிம்காரர் ஃபேனைச் சரி செய்யாதது, ஒருவர் மகளின் ப்ளஸ் டூ மார்க்கு, இட்லி மாவு புளித்துப் போனது என்று பேச்சு மைதானத்தைச் சுற்றி வந்தது. நடுவில் யாருக்காவது மூச்சு வாங்கினால் பேச்சு தேயும், மூன்று பேரும் தானாகவே கொஞ்சம் மெதுவானார்கள். ஐந்தாவது சுற்றும் முடிந்து ஆறாவது போனபோது எனக்குத்தான் எண்ணிக்கை விட்டுப்போயிற்று.